சொந்தப் பெயரைச் சொன்னதற்குச் சிறை: அயோவா அடையாளத் திருட்டு வழக்கு

2021 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் ஒன்று ஒருவரை விடுதலை செய்தது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது: இனி அவர் தன் உண்மையான பெயரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். அந்த உண்மையான பெயர் மேத்யூ கீரன்ஸ் என்று உத்தரவிலேயே சொல்லப்பட்டிருந்தது. அதற்குள் அந்த மனிதர் 428 நாள் சிறையிலும் 147 நாள் மனநல மருத்துவமனையிலும் இருந்துவிட்டார். அவர் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றம், இன்னொருவருடைய பெயரைத் தன் பெயர் என்று சொன்னது.

ஆனால் அவர் சொன்னது அவருடைய சொந்தப் பெயரேதான். உண்மையான மேத்யூ கீரன்ஸ் அந்த நேரத்தில் விஸ்கான்சின் மாநிலத்தில் தன் வீட்டில் உட்கார்ந்து அயோவா பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளச் சீட்டில் இருந்தது சிறைக்குப் போனவரின் பெயர்.

அடையாளத் திருட்டு என்றதும் நமக்குக் கடவுச்சொல், ஓடிபி, போலி லிங்க் என்று வரிசையாக நினைவுக்கு வரும். இந்த வழக்கில் அவை எதுவும் இல்லை. யாரும் எந்தக் கணினியையும் உடைக்கவில்லை. வழியில் வந்த ஒவ்வொரு அலுவலகமும் தன் பங்குக்கு ஏதோ ஒரு சரிபார்ப்பைச் செய்துதான் இருக்கிறது. வங்கி சரிபார்த்தது, காவல்துறை சரிபார்த்தது. அத்தனை சரிபார்ப்பும் திருடியவர் பக்கமே தீர்ப்பு சொன்னது ஏன் என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. தடுப்பது பற்றியும் மீள்வது பற்றியும் நாம் கற்க வேண்டியதெல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

பாதிக்கப்பட்டவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. முப்பது வருடத்துக்கும் மேல் அதை வேறொருவர் எடுத்துப் புழங்கியாகிவிட்டது, போதும். அவரை 'உரியவர்' என்று குறிப்பிடுகிறேன். கீரன்ஸ் கூட்டரசு (ஃபெடரல்) நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், அதனால் அவர் பெயர் இருக்கட்டும்.

ஹாட் டாக் வண்டியில் தொடங்கியது

1980களின் கடைசியில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில், ஒரு ஹாட் டாக் தள்ளுவண்டியில் இருவரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். பழக்கம் அவ்வளவுதான். 1990ல் கீரன்ஸ் கொலராடோ மாநிலத்தில் உரியவரின் பெயரில் ஓர் அடையாள அட்டை வாங்கினார். அதை வைத்து ஒரு வேலை, அப்புறம் ஒரு வங்கிக் கணக்கு. அடுத்த வருடம் அந்தப் பெயரில் காசோலை கொடுத்து 600 டாலருக்கு ஒரு கார் வாங்கினார். காசோலை திரும்பியது. பிடியாணை பிறந்தது, உரியவரின் பெயரில். 1994ல் திருமணமும் அதே பெயரில் நடந்தது. பிறந்த பிள்ளைக்கும் அந்தக் குடும்பப் பெயரே போனது.

அந்தக் காலத்தில் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் அடையாளத் திருட்டு என்று தனியாக ஒரு குற்றம் இல்லை. 1998ல்தான் அதற்கென்று சட்டம் வந்தது. அதுவரை ஒருவருடைய பெயரில் இன்னொருவர் கடன் வாங்கி ஏமாற்றினால், சட்டத்தின் பார்வையில் பாதிக்கப்பட்டது பணத்தை இழந்த வங்கி. பெயரை இழந்த ஆள் கணக்கிலேயே வரமாட்டார். சட்டம் மாறிய பிறகும் இந்தப் பழக்கம் அலுவலகங்களில் எவ்வளவு ஆழமாக ஊறிப்போயிருந்தது என்பதை 2019ல் பார்ப்போம்.

திருட்டின் முதல் கட்டம் சாதாரணமானது. பொய்யான அட்டை, திரும்பிய காசோலை, ஊர் மாறுவது. இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் எங்காவது மாட்டிக்கொள்வார்கள். கீரன்ஸ் மாட்டாமல் போனதற்குக் காரணம், 2012ல் அவர் எடுத்த அடுத்த அடி. குடும்ப வரலாறு தேடித் தரும் இணையதளம் ஒன்றில் உரியவரின் பெற்றோர், உறவினர் விவரங்களைச் சேகரித்தார். அவற்றை வைத்துக் கெண்டக்கி மாநிலத்திடமிருந்து உரியவரின் பிறப்புச் சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட நகலை வாங்கிவிட்டார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அவர் கையில் வந்தது போலிச் சான்றிதழ் அல்ல, அரசு கொடுத்த அசல். முத்திரை சரி, எண் சரி, காகிதம் சரி. பிறப்புச் சான்றிதழில் புகைப்படமும் கிடையாது, கைரேகையும் கிடையாது. எந்த நாளில், எந்த ஊரில், யாருக்கு ஒரு குழந்தை பிறந்தது என்று மட்டுமே அது சொல்லும். அந்தக் குழந்தை இன்று கவுன்ட்டரில் நிற்கும் இந்த ஆள்தானா என்று அதற்குத் தெரியாது. ஆனால் ஓட்டுநர் உரிமம், சமூகப் பாதுகாப்பு அட்டை (அமெரிக்காவில் வேலைக்கும் வரிக்கும் கேட்கும் எண் உள்ள அட்டை), பாஸ்போர்ட் என்று மற்ற எல்லா அட்டையும் அதிலிருந்து கிளைப்பவை. வேரைப் பிடித்துவிட்டால் அதன் பிறகு கிடைக்கும் எல்லாமே அசலாகவே கிடைக்கும்.

2013ல் அயோவா பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலை. வீட்டிலிருந்தபடியே மருத்துவமனையின் முக்கியமான கணினி அமைப்புகளைப் பராமரிக்கும் பொறுப்பு. பத்து வருடத்தில் 7 லட்சம் டாலருக்கும் மேல் சம்பாதித்தார். 2016க்கும் 2022க்கும் இடையில் கிரெடிட் யூனியன்களில், அதாவது நம் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கம் போன்ற அமைப்புகளில், 8 கடன்கள் வாங்கினார். எல்லாம் சேர்த்து 2 லட்சம் டாலருக்கும் மேல்.

திருடியவர் ஓடி ஒளியவில்லை என்பதைக் கவனியுங்கள். வேலைக்குப் போனார், காப்பீடு எடுத்தார், வண்டியைப் பதிவு செய்தார். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு முகவரி, சம்பளம், கடன் வரலாறு, குடும்பம் எல்லாம் இருந்தன. இன்னொருவர் லாஸ் ஏஞ்சலிஸ் தெருவில் வீடில்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தார். ஆவணங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் யார் அசலாகத் தெரிவார் என்று சொல்லத் தேவையில்லை.

2019: வங்கிக் கவுன்ட்டர்

தன் பெயரில் யாரோ பெரிய கடன் சேர்த்துவிட்டார்கள் என்று உரியவருக்கு எப்படியோ தெரியவந்தது. அவர் செய்தது நியாயமான காரியம். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வங்கிக் கிளைக்குப் போனார். மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னார். இந்தக் கடனைக் கட்ட எனக்கு விருப்பமில்லை, என் பெயரில் உள்ள கணக்கு எண்களைக் கொடுங்கள், மூடிவிடுகிறேன் என்றார். தன் சமூகப் பாதுகாப்பு அட்டையையும் கலிபோர்னியா அடையாள அட்டையையும் காட்டினார். இரண்டும் வங்கிப் பதிவோடு பொருந்தின.

கணக்கில் பெரிய தொகை இருந்ததால் மேலாளர் பாதுகாப்புக் கேள்விகளைக் கேட்டார். உரியவரால் பதில் சொல்ல முடியவில்லை.

எப்படி முடியும்? அந்தக் கணக்கைத் திறந்தது கீரன்ஸ். கேள்விகளைத் தேர்ந்தெடுத்ததும் விடைகளை எழுதிக் கொடுத்ததும் கீரன்ஸ். 'இந்தப் பெயருக்கு உரியவர் யார்' என்பதைக் கண்டுபிடிக்க அந்தக் கேள்விகள் உருவாக்கப்படவே இல்லை. 'இந்தக் கணக்கைத் திறந்தவர் யார்' என்பதைத்தான் அவை கண்டுபிடிக்கும். அடையாளத் திருட்டுப் புகாரில் இந்த இரண்டு கேள்விக்கும் விடை வேறு வேறு. புகாரே அதைப் பற்றியதுதான். பதில் தெரியாமல் நிற்பது புகார் உண்மை என்பதற்கான அறிகுறி. வங்கி அதைப் பொய்க்கான அறிகுறியாக எடுத்துக்கொண்டது.

 கணக்கில் பதிவாகியிருந்த தொலைபேசி எண்ணுக்கு வங்கியிலிருந்து பேசினார்கள். விஸ்கான்சினிலிருந்து எடுத்தவர் கீரன்ஸ். எல்லாக் கேள்விக்கும் டக் டக்கென்று பதில் சொன்னார். கலிபோர்னியாவில் என் கணக்கைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை என்றார். காவல்துறை வந்தது, அவரிடமும் பேசியது. அவர்களுக்கு ஆவணங்களை ஃபேக்ஸில் அனுப்பினார்: சமூகப் பாதுகாப்பு அட்டை, பிறப்புச் சான்றிதழ், விஸ்கான்சின் ஓட்டுநர் உரிமம். நேரில் நின்றவர் கைது செய்யப்பட்டார். வழக்குப் பதிவானது கீரன்ஸ் என்ற பெயரில், அதுவும் எழுத்துப் பிழையோடு. ஒருவருடைய பெயரைப் பிடுங்கி வேறு பெயரை ஒட்டியபோது, அந்தப் பெயரையாவது சரியாக எழுதியிருக்கலாம்.

இதில் யாரையும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியவில்லை, அதுதான் சங்கடம். வங்கி மேலாளர் வாடிக்கையாளரின் பணத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். காவலர்கள் இரண்டு பக்க ஆவணங்களையும் பார்த்தார்கள். ஒரு பக்கம் மூன்று அட்டை, மறுபக்கம் இரண்டு. ஒரு பக்கம் நிலையான வேலையும் வீடும் உள்ள, தெளிவாகப் பேசும் ஆள். மறுபக்கம் தெருவில் வாழ்பவர். ஆனாலும் ஒரு விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை. சரிபார்க்கப் பயன்படுத்திய தொலைபேசி எண்ணே சந்தேகத்துக்கு உள்ளான கணக்கிலிருந்து எடுத்தது. புகாருக்கு ஆளானவரையே சாட்சியாகக் கூப்பிட்டுக் கேட்ட கதை அது.

அதன் பிறகு நடந்தது கொடுமை. விசாரணையின் போது உரியவர் தன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆவணங்கள் வேறு மாதிரிச் சொல்லும்போது ஒரு மனிதர் நான்தான் அவன் என்று அடித்துச் சொல்லிக்கொண்டே இருந்தால், பார்ப்பவர்களுக்கு என்ன தோன்றும்? வழக்கை எதிர்கொள்ளும் மனநிலையில் அவர் இல்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், மருந்து கொடுத்தார்கள். உண்மையைச் சொல்வதே நோயின் அடையாளமாகிவிட்டது. கீரன்ஸ் இந்தப் பக்கம் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறைக்கும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் அடிக்கடி தொலைபேசி செய்து, வழக்கு எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் உரியவர் 'மறுக்கவில்லை' என்ற வகை வாக்குமூலத்தைக் கொடுத்தார். குற்றத்தை ஒப்புக்கொள்வதும் இல்லை, எதிர்த்து வாதாடுவதும் இல்லை என்ற நடுநிலை அது. உள்ளே இருந்த காலத்தைத் தண்டனையாகக் கழித்து வெளியே விட்டார்கள். வெளியே வந்துவிட்டார், சரி. ஆனால் இப்போது அவருக்கு எதிராகப் புதிதாக ஓர் ஆவணம் சேர்ந்துவிட்டது. நீ அவன் இல்லை என்று ஒரு நீதிமன்றமே சொல்லிவிட்டது.

மீட்டெடுத்த வழி

வெளியே வந்ததும் பெரும்பாலோர் சோர்ந்துபோயிருப்பார்கள். இவர் விடவில்லை. கடன் அறிக்கையில் உள்ளவை தன்னுடையவை அல்ல என்று நிதி நிறுவனங்களுக்கு ஆட்சேபம் அனுப்பினார். விஸ்கான்சினில் கீரன்ஸ் வாழ்ந்த ஊரின் காவல்துறைக்கும் எழுதினார். ஒன்றும் நகரவில்லை. காரணம் பழையதேதான்: ஒவ்வொரு புகாரையும் பதிவில் உள்ள ஆவணங்களோடு ஒப்பிடுகிறார்கள். பதிவில் உள்ளது எல்லாம் கீரன்ஸ் வைத்தது.

2023 ஜனவரியில் அவர் வேறு கதவைத் தட்டினார். தன் பெயரில் ஒருவர் அயோவா மருத்துவமனையில் வேலை பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டு, அந்த மருத்துவமனையின் பாதுகாப்புப் பிரிவுக்கே புகார் அனுப்பினார். அங்கிருந்து அது பல்கலைக்கழகத்தின் காவல்துறைக்குப் போனது. துப்பறிவாளர் இயன் மல்லரி கையில் வழக்கு வந்தது.

இந்தக் கதவு மட்டும் ஏன் திறந்தது? மல்லரியின் திறமை ஒரு காரணம். இன்னொன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு இந்தப் புகார் 'கடனைக் கட்ட மறுக்கும் ஓர் ஆள்' மாதிரித் தெரியும். வேலை கொடுத்த நிறுவனத்துக்கு அதே புகார் வேறு மாதிரித் தெரியும்: நோயாளிகளின் தகவல் இருக்கும் கணினிகளின் சாவியை வைத்திருப்பவர் யாரென்றே நமக்குத் தெரியவில்லையா? அவர்களுக்கே பயப்படக் காரணம் இருந்தது. புகார் கொடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, நாம் சொல்வது பொய்யானால் யாருக்கு நஷ்டம் என்பதைவிட, உண்மையானால் யாருக்கு ஆபத்து என்று பார்த்துப் போவது நல்லது.

மல்லரி ஆவணங்களை எண்ணிக்கொண்டு உட்காரவில்லை. பிறப்புச் சான்றிதழில் தந்தை என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தத் தந்தை கெண்டக்கியில் உயிரோடு இருந்தார். அவரிடம் போய் டிஎன்ஏ மாதிரி எடுத்தார்கள். கலிபோர்னியாவில் இருந்த உரியவரிடமும் எடுத்தார்கள். பொருந்தியது. முப்பது வருடம் பேப்பராகச் சேர்த்த கோட்டை ஒரே சோதனையில் சரிந்தது. கீரன்ஸ் கையில் அதே பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அதில் எழுதியிருந்த உறவு இல்லை.

2023 ஜூலையில் கீரன்ஸை விசாரித்தார்கள். அப்போதும் தான்தான் உரியவர் என்று சாதித்தார், மற்றவருக்குப் புத்தி சரியில்லை, சிறையில் போட வேண்டும் என்றார். பேச்சுக்கிடையில் உங்கள் தந்தை பெயர் என்ன என்று கேட்டார் மல்லரி. கீரன்ஸ் தன்னைத் தத்தெடுத்து வளர்த்தவரின் பெயரைச் சொல்லிவிட்டார். வங்கியின் எல்லாப் பாதுகாப்புக் கேள்வியையும் தாண்டியவர் இந்த ஒன்றில் விழுந்தார். டிஎன்ஏ முடிவைக் காட்டியதும் உடைந்துபோய் ஒப்புக்கொண்டார்.

சட்டம் இருந்தது, வாசல் இல்லை

கலிபோர்னியாவின் குற்றச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு, 530.6. அடையாளத் திருட்டு நடந்ததாகச் சந்தேகப்படுபவர் காவல்துறையிடம் போனால் அவர்கள் புகாரைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று அது சொல்கிறது. திருடியவர் செய்த குற்றம் உங்கள் பெயரில் ஏறியிருந்தால், நீங்கள் நிரபராதி என்று நீதிமன்றத்திடம் அறிவிப்பு வாங்கவும் அதே பிரிவு வழி தருகிறது. ஆனால் புகார் கொடுக்க வேண்டியது நீங்கள் உண்மையில் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தின் காவல்துறையிடம் என்று எழுதியிருக்கிறது. தெருவில் வாழ்பவரை நினைத்து எழுதிய வாசகம் அல்ல அது. அதோடு, வங்கிக்குப் போகும் முன் காவல்துறைக்குப் போக வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

எனக்கு இந்த வழக்கில் மிக முக்கியமான நடைமுறைப் பாடமாகத் தெரிவது இந்த வரிசைதான். முதலில் காவல்துறையில் எழுத்துப்பூர்வமான புகார், அதன் நகலோடு வங்கி. நகல் இல்லாமல் கவுன்ட்டரில் நிற்பவர் கணக்கு எண் கேட்கும் அந்நியர். நகலோடு நிற்பவர் புகார்தாரர். அமெரிக்காவில் ஐடென்டிட்டிதெஃப்ட் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் விவரத்தைப் பதிந்தால் முறையான அறிக்கை ஒன்று கிடைக்கும். அந்த அறிக்கையை அடையாளச் சான்றோடு கடன் தகவல் நிறுவனத்துக்கு (யார் எவ்வளவு கடன் வாங்கினார் என்று பதிவு வைத்திருக்கும் நிறுவனம்) கொடுத்தால், திருட்டால் வந்த பதிவுகளை 4 வேலை நாளில் மறைக்க வேண்டும் என்பது சட்டம். வெறும் ஆட்சேபக் கடிதத்துக்கு அந்தப் பலம் கிடையாது.

தடுப்பைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் எல்லோரும் முதலில் சொல்வது கடன் முடக்கம். ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் தகவல் நிறுவனங்களிடமும் உங்கள் கடன் அறிக்கையை முடக்கி வைத்தால், நீங்கள் திறக்கும் வரை புதுக் கடன் நிறுவனங்கள் அதைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாத அறிக்கைக்குப் பெரும்பாலும் கடன் கொடுக்க மாட்டார்கள். 2018 செப்டம்பரிலிருந்து இது இலவசம். நல்ல ஏற்பாடு. மோசடி எச்சரிக்கை என்று இன்னொன்று உண்டு. அதை வைத்தால் கடன் கொடுப்பவர் கூடுதலாகச் சரிபார்க்க வேண்டும். எப்படி? எச்சரிக்கையில் கொடுத்த எண்ணுக்கு ஒரு தொலைபேசி, அல்லது வேறு ஏதாவது ஒரு சரிபார்ப்பு. கீரன்ஸ் மாதிரி ஆள் அந்தச் சரிபார்ப்பைத் தாண்டிவிட்டால் கதை முடிந்தது. இரண்டில் ஒன்று என்றால் முடக்கம்தான் என்பேன்.

ஆனால் முடக்கத்திலும் ஓர் ஓட்டை. யார் முதலில் போய்க் கணக்குத் திறக்கிறாரோ, பூட்டும் சாவியும் அவருக்கு. அதனால் தேவை இல்லை என்றாலும் கடன் தகவல் நிறுவனம், சமூகப் பாதுகாப்பு அலுவலகம், வரித்துறை ஆகிய மூன்று இடத்திலும் உங்கள் பெயரில் நீங்களே இணையக் கணக்கைத் திறந்து இருக்கையைப் பிடித்துவிடுவது நல்லது. வரித்துறை தரும் ஆறிலக்க அடையாளப் பாதுகாப்பு எண்ணை 2021லிருந்து யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். அது இல்லாமல் உங்கள் பெயரில் இணையம் வழியாக வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் ஏற்காது. சமூகப் பாதுகாப்புக் கணக்கில் வருடவாரியாக உங்கள் எண்ணில் எவ்வளவு சம்பளம் பதிவானது என்று தெரியும். வேலைக்காகப் பெயரைத் திருடுபவரைக் கடன் அறிக்கை காட்டிக்கொடுக்காமல் போகலாம், இந்தச் சம்பளப் பட்டியல் காட்டிக்கொடுக்கும். நீங்கள் கேள்வியே படாத ஊரில் நீங்கள் வேலை பார்த்ததாக அதில் இருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

நம் ஊரில் இது நடந்தால்

ஆதார் இருக்கும் நாட்டில் இதெல்லாம் நடக்காது என்று சொல்லத் தோன்றும். பாதி உண்மை. லாஸ் ஏஞ்சலிஸ் வங்கியில் ஒரு கைரேகை வைத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஆனால் நாம் ஆதாரை அன்றாடம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? ஜெராக்ஸ் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். விடுதியில் ஒன்று, சிம் கடையில் ஒன்று, வாடகை ஒப்பந்தத்தில் ஒன்று. அட்டையில் உள்ள க்யூஆர் கோடுக்குள் உங்கள் படம் டிஜிட்டல் கையெழுத்தோடு இருக்கிறது, ஸ்கேன் செய்து ஒப்பிடலாம். எத்தனை இடத்தில் செய்கிறார்கள்? வேரில் கைரேகை இருந்தும் கிளையில் நாம் காகிதத்தைத்தான் நம்புகிறோம். எல்லா இடத்திலும் முழு எண் தேவையில்லை. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கிக் கொடுக்கலாம். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் இருக்கிறது, தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

பிறப்புச் சான்றிதழும் இங்கே இப்போது கனமாகிவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அதற்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளி சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அதுதான் சான்று. பிள்ளையின் சான்றிதழைப் படம் எடுத்து உறவினர் குழுவில் போடுபவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

அமெரிக்கா மாதிரிக் கடன் அறிக்கையை முடக்கும் சட்ட உரிமை நமக்கு இல்லை. அதனால் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வழி. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் நான்கும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று பிரித்துக் கேட்டால் வருடம் முழுவதும் கண்காணித்த மாதிரி. வாங்காத கடன் இருந்தால் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பணத்தைவிட, அந்த விதியைக் குறிப்பிட்டு எழுதினால் பதில் வேகமாக வரும் என்பதற்காகவே தெரிந்து வைத்துக்கொள்ளலாம். வருமான வரித் தளத்தில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையையும் எட்டிப் பாருங்கள். உங்கள் பான் எண்ணில் யாராவது பெரிய வரவு செலவு நடத்தியிருந்தால் பெரும்பாலும் அதில் தெரியும். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடினால், உங்களுக்கே தெரியாமல் நீங்கள் முதலாளியாக இருக்கிறீர்களா என்றும் தெரியும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாதி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை மொபைல் இணைப்பு என்று பார்த்து, உங்களுடையது இல்லாததைச் சொல்லி நீக்கலாம்.

மாட்டிக்கொண்டால் வரிசை அதேதான். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். அடையாளம் போயிருந்தால் சைபர் குற்றத் தளத்திலும் காவல் நிலையத்திலும் எழுத்துப்பூர்வமான புகார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு இதற்கென்றே உள்ளது, 3 வருடம் வரை சிறை. எங்கள் எல்லைக்குள் வராது என்று திருப்பி அனுப்பினால், 2024 ஜூலை முதல் எந்த எல்லையில் நடந்த குற்றத்துக்கும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று சட்டம் இருப்பதைச் சொல்லுங்கள். எஃப்ஐஆர் தர யோசித்தால் சிஎஸ்ஆர் ரசீதாவது (புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் ஒப்புகை) கையில் வாங்காமல் வராதீர்கள். அந்த ரசீதோடுதான் வங்கிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. பழைய காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் அட்டை, பழைய வகுப்புப் புகைப்படம், உங்களைச் சிறு வயதிலிருந்து தெரிந்தவர்களின் முகவரி. புதிதாக வாங்கக்கூடிய எதையும் திருடுபவரும் வாங்கிவிடுவார். முப்பது வருடத்துக்கு முன் எடுத்த படத்தை இப்போது அவரால் எடுக்க முடியாது.

தீர்ப்பு

2024 ஏப்ரலில் கீரன்ஸ் இரண்டு குற்றங்களை ஒப்புக்கொண்டார். கடன் சங்கத்திடம் பொய்த் தகவல் கொடுத்தது ஒன்று. அதிகபட்சம் 30 வருடம் அதற்கு. கடுமையான அடையாளத் திருட்டு இன்னொன்று. அதற்குக் கட்டாயமாக 2 வருடம், மற்றத் தண்டனை முடிந்த பிறகு தனியாக அனுபவிக்க வேண்டும். 2025 ஜனவரியில் அயோவாவில் கூட்டரசு நீதிபதி சி. ஜே. வில்லியம்ஸ் மொத்தம் 12 வருடச் சிறை விதித்தார். உரியவர் மீதான லாஸ் ஏஞ்சலிஸ் தண்டனை அதற்கு முன்பே ரத்தாகியிருந்தது.

சட்டத்தின் கணக்கு இப்போதும் கொஞ்சம் பழைய மாதிரிதான் இருக்கிறது. நீண்ட தண்டனைக்கு இடம் கொடுத்தது கடன் சங்கத்திடம் சொன்ன பொய். பெயரைத் திருடியதற்கு 2 வருடம். ஒருவரை 575 நாள் உள்ளே வைத்ததற்கு ஒப்புக்கொண்ட குற்றங்களில் தனியாக ஒரு வரி கிடையாது.